பம்பில் 120, டயரில் 40

போன ஞாயிறு காலை எட்டரை மணி. கடையின் இரும்புக் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தேன், கைப்பேசி அலறியது. பினாங்குத் தீவின் தித்தி கெராவாங் மேட்டில், ஜாதிக்காய்ச் சாறு விற்கும் கடை ஓரத்தில் நின்றுகொண்டு ஒரு வாத்தியார் கூப்பிடுகிறார். தீபாவளிக்கு முன்பு என்னிடம்தான் சைக்கிளுக்கு இரண்டு டயரும் மாற்றிக்கொண்டு போனவர்.

"அண்ணே, டியூப் மாத்திட்டேன். காத்துதான் ஏற மாட்டேங்குது. பம்பு கல்லு மாதிரி இறுகிப் போச்சு, டயரு இன்னும் மெத்துன்னு இருக்கு."

"என்ன பம்பு சார்?"

"புதுசு அண்ணே. 120 பி.எஸ்.ஐ.ன்னு போட்டிருக்கு."

பி.எஸ்.ஐ. என்பது காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே இருங்கள், வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். வெயில் ஏறிவிடும், மெதுவாக இறங்கிவிடலாம் என்று அவர் நினைத்துவிட்டார். பாலிக் புலாவ் இறக்கத்தில் ஒரு குழி. பாம்பு கடித்ததுபோல் டியூபில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை, பின் சக்கரத்தின் கார்பன் விளிம்பில் விரிசல், முழங்கையில் தோல் போனது. பின்னால் கார் வராதது அவர் அம்மா செய்த புண்ணியம். முன் டயருக்கும் கிளம்பும்போது காற்றுக் குறைவாக இருந்து, அதே பம்பால் அடித்திருக்கிறார். கடையில் அளந்து பார்த்தேன்: 40.

இந்த வருடம் இப்படி வருபவர்களில் இவர் நான்காவது ஆள். நான்கு பேரும் படித்தவர்கள். சைக்கிளுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கொட்டியவர்கள். பம்பை மட்டும், பணம் கட்டும் இடத்தில் தொங்கும் மிட்டாய் போலக் கடைசியில் கையில் எடுத்துப் போட்டவர்கள்.

இதை எத்தனை முறை சொல்லிவிட்டேன், இன்னொரு முறை எழுதியும் வைக்கிறேன். பம்பின் உடம்பில் அச்சடித்திருக்கும் எண், அந்தப் பம்பு உடையாமல் தாங்கும் அழுத்தம். நம் ஊர் லாரிக் கதவில் பி.டி.எம். (BDM, சரக்கோடு சேர்த்த எடை) என்று போட்டு இத்தனை ஆயிரம் கிலோ என்று எழுதியிருப்பார்களே, அது லாரியின் கணக்கு. அதைப் படித்துவிட்டு மூட்டையை உங்கள் தோளில் ஏற்றிக்கொள்வீர்களா? பம்பில் மட்டும் ஏன் அப்படிச் செய்கிறீர்கள்? அழுத்துவது உங்கள் கை. கைக்கு எந்தத் தொழிற்சாலையும் எண் போட்டு அனுப்பவில்லை.

கணக்கும் கடினமில்லை. பம்பின் உள்குழாய் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வையுங்கள். டயரில் 100 பி.எஸ்.ஐ. வரும்போது பிடியை உள்ளே தள்ள ஏறத்தாழ 22 கிலோ எடையை அழுத்தும் பலம் வேண்டும். விட்டம் 25 ஆனால் 34 கிலோ. வாத்தியார் வைத்திருந்தது 30 மில்லிமீட்டர் தடியன். அதற்கு 50 கிலோ. பத்துக் கிலோ அரிசிப் பைகள் ஐந்து! அதுவும் ஒரு முறை இல்லை, நூறு முறை. 40 பி.எஸ்.ஐ.யிலேயே அந்தத் தடியன் 20 கிலோ கேட்கிறான். மலை ஏறிக் களைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. அவர் மேலும் பிழை இல்லை, பம்பு மேலும் பிழை இல்லை. அது மலைப்பாதை சைக்கிளுக்குச் செய்த பம்பு. அகன்ற டயர், 25, 30 பி.எஸ்.ஐ. போதும், சீக்கிரம் நிரம்ப வேண்டும். அந்த வேலைக்கு அது தங்கமான சாமான்.

கடைக்கு வருபவர்கள் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தடியனைத்தான் எடுப்பார்கள். "இது சீக்கிரம் அடிச்சிடும்ல அண்ணே?" சீக்கிரம் அடிக்கும், முதல் முப்பது வரைக்கும். ரோட் பைக்குக்கு, அதாவது ஒல்லி டயர் போட்ட சாலைச் சைக்கிளுக்கு, பம்பின் குழாய் ஒல்லியாக, நீளமாக இருக்க வேண்டும். விட்டம் 20க்கு அக்கம்பக்கம், பிடியின் ஓட்டம் (ஒரு முறை தள்ளும் தூரம்) 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல். சட்டைப் பையில் மறையும் விரல் நீளப் பம்புகளையும் விடுங்கள். அதில் காற்றடிப்பதற்குள் மாமாக் தேநீர்க் கடையில் உங்கள் நண்பர்கள் இரண்டாவது தே தாரிக்கை முடித்திருப்பார்கள்.

எத்தனை அடி அடிக்க வேண்டும் என்று கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. 28 மில்லிமீட்டர் டயர், 80 பி.எஸ்.ஐ., நான் சொன்ன அளவுப் பம்பு: கணக்குப்படி 150 அடி, கசிவும் சோர்வும் சேர்ந்தால் 200. ஐம்பதாவது அடியில் "போதும் போலிருக்கே" என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்காதீர்கள். கட்டைவிரலுக்கு 50ம் 80ம் ஒன்றுதான். இருபது வருடம் இதே வேலை பார்க்கிறேன், என் விரலே ஏமாறும்.

இன்னொன்று. அழுத்தம் ஏற ஏறப் பயந்து பயந்து குட்டிக் குட்டியாக அடிப்பார்கள். அது வீண். டயரில் 6 பார், அதாவது 87 பி.எஸ்.ஐ. இருக்கும்போது, பம்புக்குள் உள்ள காற்று ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகுதான் வால்வு வழிவிடும். 15 சென்டிமீட்டர் ஓட்டத்தில் கடைசி இரண்டு சென்டிமீட்டர்தான் டயருக்குப் போகிறது. முன்பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டால் ஒரு துளி ஏறாது. முழுக்க இழுங்கள், அடிவரை தள்ளுங்கள்.

அடுத்த தலைவலி வால்வு. ரோட் பைக் டியூபில் இருக்கும் பிரெஸ்டா வால்வு பென்சில் முனை மாதிரி. பம்பை நேராக அதன் தலையில் குத்தி, 20 கிலோ பலத்தோடு முன்னும் பின்னும் ஆட்டினால் என்ன ஆகும்? தண்டு வளையும், அல்லது டியூபோடு ஒட்டிய அடிப்பாகம் கிழியும். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட முடியாது. அதனால் ரப்பர் குழாய் வைத்த பம்பாகப் பாருங்கள். குழாய் வளைந்துகொடுக்கும், வால்வுக்கு வலிக்காது. டோபீக்கின் ரோட் மார்ஃப் மாதிரி, காலால் மிதித்துக்கொண்டு நின்ற நிலையில் அடிக்கும் பம்பு இன்னும் சுகம்: கையின் பலத்துக்குப் பதில் உடம்பின் எடை வேலை செய்யும். கனம் கொஞ்சம் கூடத்தான். வயிற்றில் இரண்டு கிலோ சுமந்துகொண்டு பம்பில் நூறு கிராம் பார்ப்பவர்களிடம் நான் பேச்சு வளர்ப்பதில்லை.

திருகி மாட்டும் குழாய் என்றால் ஓர் எச்சரிக்கை. கழற்றும்போது வால்வின் உள்தண்டும் சேர்ந்து சுழன்று வந்துவிடும். அடித்த 200 அடியும் ஒரே மூச்சில் போய்விடும். புது டியூப் வாங்கிய அன்றே உள்தண்டைச் சின்னச் சாவியால் இறுக்கி வையுங்கள். சாவி இல்லையா, கடைக்குக் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடு குப்பி கெட்டதில்லை. 16 கிராம் குப்பி ஒரு ரோட் டயரைச் சில வினாடியில் நிரப்பிவிடும். ஆனால் அது ஒரே வாய்ப்பு. வால்வைத் திறக்க மறந்தாலோ தலை சரியாக உட்காராவிட்டாலோ, குப்பி பனியாகி விரலில் ஒட்டியதுதான் மிச்சம். மேலும் அந்த வாயு ரப்பரைத் தாண்டிக் கசிந்துவிடும், மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை வெளியேற்றிவிட்டுச் சாதாரணக் காற்று அடியுங்கள். குப்பி வைத்திருப்பவரும் கைப்பம்பை விட்டுவிட்டு வரக்கூடாது.

பேட்டரிப் பம்பு இப்போது எல்லோர் பையிலும் இருக்கிறது. நானும் விற்கிறேன். சார்ஜ் போட்டீர்களா? கடைசியாக எப்போது? சனி இரவு போட வேண்டும் என்பது ஞாயிறு காலையில் தெலுக் பஹாங் அணைக்கட்டுப் பக்கத்தில்தான் பலருக்கு நினைவு வருகிறது. அடித்து முடித்ததும் அதன் தலை நன்றாகச் சுடும், வெறும் விரலால் தொடாதீர்கள்.

பெட்ரோல் நிலையத்தை நம்பி வருபவர்களுக்கு: அங்கே உள்ள குழாயின் தலை கார் வால்வுக்கானது. பிரெஸ்டாவில் உட்கார ஒரு பித்தளைத் தலை வேண்டும், சில வெள்ளிதான், நகம் அளவு இருக்கும். டியூப் பையிலேயே போட்டு வையுங்கள். ஆனால் தித்தி கெராவாங் மேட்டில் பெட்ரோல் நிலையம் எதுவும் உங்களுக்காகக் காத்திருக்காது.

கொக்கியில்லாத விளிம்பு (hookless, டயரின் ஓரத்தைப் பிடிக்கும் மடிப்பு இல்லாதது) வைத்திருப்பவர்கள் 5 பாரைத் தாண்டவே கூடாது, 72 பி.எஸ்.ஐ.யில் நிறுத்துங்கள். டியூபில்லாத டயர் விளிம்பை விட்டு முழுதாகக் கழன்றுவிட்டால் எந்தக் கைப்பம்பும் திரும்ப உட்கார வைக்காது என்று எண்ணிக்கொண்டு ஒரு டியூபும் எடுத்துப் போங்கள்.

பம்பைத் தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் மாட்டுகிறோம். முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு, பத்து பிரிங்கி கடற்காற்றின் உப்பு, நம் வியர்வை எல்லாம் நேராக அதன் வாய்க்குள்தான். ஆறு மாதம் கழித்து எடுத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து கிடக்கும். அடித்தால் காற்று பின்பக்கம் போகும். தே ஆயிஸ் (ஐஸ் தேநீர்) பொங்குஸ் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டி ரப்பர் வளையம் போட்டால் போதும், அழகாக இருக்காது. மழையில் ஓட்டிய வாரம் கழற்றித் துடைத்து, வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள்.

இவ்வளவையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டு வாசலில் டயரின் காற்றை முழுக்க இறக்குங்கள். வீட்டில் இருக்கும் பெரிய பம்பைத் தொடாமல், வழியில் எடுத்துப் போகும் பம்பால் மட்டும் அடியுங்கள். அளவுமானியில் பாருங்கள். நீங்கள் ஓட்டும் அழுத்தம் வரவில்லை என்றால் அந்தப் பம்பு உங்களுக்கானது இல்லை, எத்தனை வெள்ளி கொடுத்திருந்தாலும் சரி. வீட்டில் உங்கள் மனைவியும் அதே சைக்கிளை ஓட்டுகிறார் என்றால் அவரையும் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கையும் அவர் கையும் ஒன்றில்லை.

புதன்கிழமை வாத்தியார் வந்தார், முழங்கையில் பிளாஸ்திரி. ஒல்லியான, குழாய் வைத்த பம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்குவதற்கு முன்பு ஐந்தடி நடைபாதையில் உட்கார வைத்து, டயரைக் காலி செய்து அடிக்கச் சொன்னேன். பக்கத்துக் கடைச் சீனக் கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். 194 அடி. சட்டை நனைந்துவிட்டது. குழாயைக் கழற்றும்போது புஸ் என்று சத்தம் வந்ததும் வாத்தியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"எல்லாம் போயிடுச்சே அண்ணே!"

"அது குழாய்க்குள்ள இருந்த காத்து சார், டயர்ல இருந்தது இல்ல. அளந்து பாருங்க."

81.