வேலை தேடாதவரை யார் எண்ணுவது?

முல்லைத்தீவில் ஒரு பெண் காலபோக விதைப்பு நேரம் பக்கத்து வயலுக்கு ஒருநாள் கூலிக்குப் போனார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிழமை பற்றித் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் விசாரித்தால் அவர் ‘வேலையில் இருப்பவர்’. ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே போதும். வீட்டு வயலில் சம்பளமில்லாமல் பாடுபட்டாலும் கணக்கில் சேரும். அறுவடை முடிந்து மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமல், கேட்டும் பயனில்லை என்று தேடுவதையே விட்டுவிட்டார் என்றால்? அப்போதும் அவர் வேலையில்லாதவர் அல்ல. கடந்த நான்கு கிழமைக்குள் தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் இரண்டு கிழமைக்குள் சேரத் தயாராயிருக்க வேண்டும் என்பது விதி. அது பொருந்தாதவர், வேலையில் இருப்பவரும் தேடுபவரும் சேர்ந்த தொழிற்படைக்கு ‘வெளியே’ போய்விடுவார். இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிற்படைக்குள் இருக்கிறார்.

எனவே ஆட்கள் மூன்று இடங்களில் இருக்கிறார்கள்: வேலையில், தேடலில், இரண்டுக்கும் வெளியே. தொழிற்கொள்கை எதுவானாலும் அது செய்வது, இந்த மூன்றுக்கும் இடையிலான போக்குவரத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு போனது என்று சொல்ல முடியாது. வேலையின்மை வீதமும் அப்படித்தான்.

குறைந்தபட்சச் சம்பளத்தை எடுப்போம். 2016இல் வந்த சட்டம் மாதம் 10,000 ரூபா என்று தொடங்கியது. 2025 ஏப்ரலில் அது 27,000 ஆனது, 2026 தொடக்கத்திலிருந்து 30,000. சம்பளத்தை உயர்த்தினால் முதலாளி ஆட்களைக் குறைப்பார் என்பது பழைய வாதம். 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்ட், ஆலன் குரூகர் இருவரும் இரண்டு இடத்துத் துரித உணவுக் கடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு ஒரு விளக்கம், வேலை கொடுப்பவர் ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள ஊரில் சம்பளம் உழைப்பின் பெறுமதிக்குக் கீழேயே நிற்கும் என்பது. அங்கே சட்டம் அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டாலும் ஆளைக் குறைக்க வேண்டி வராது. தூக்கிவிடும் அளவு மிஞ்சினால் கதை மாறும்.

வாசலுக்கு ஒரே ஒரு ஆடைத் தொழிற்சாலையின் பஸ் மட்டும் வரும் கிராமங்கள் வன்னியில் உண்டு. அங்கே இந்த விளக்கம் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் வயல் கூலி, மேசன் வேலை, மீன்வாடி என்று பார்த்தால் தொழில் திணைக்களத்தின் கண் அங்கே அரிதாகத்தான் படுகிறது.

வேலையை விட்டு நிறுத்துவதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். உள்ளே இருப்பவருக்கு நல்ல காப்பு. ஆனால் நிறுத்துவது கடினம் என்றால் எடுக்கவும் யோசிப்பார்கள். இப்படிப்பட்ட சட்டங்களால் மொத்த வேலையின்மை பெரிதாகக் கூடுவதாகப் பல நாட்டு ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. தெரிவது வேறொன்று: போவோரும் குறைவு, வருவோரும் குறைவு. முதல் வேலை தேடும் இளையவர்கள்தான் வெளியில் நிற்கிறார்கள்.

வன்னியில் இதையெல்லாம் விடக் கனமானது அரசாங்க உத்தியோகம். 1971இலேயே பொருளியலாளர் டட்லி சீயர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, படித்த இளைஞர்களின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை வரிசை என்று பார்த்தார்கள். ஓய்வூதியமும் நிரந்தரமும் உள்ள வேலைக்கு எப்போதாவது ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பார்கள் என்றால், பட்டதாரி காத்திருப்பதுதான் புத்தி. அவரைச் சோம்பேறி என்பது அநியாயம். ஆனால் ஒவ்வொரு ஆட்சேர்ப்பும் சிலரின் வேலையின்மையைத் தீர்த்துவிட்டு, அடுத்த வரிசையையும் நீட்டிவிடுகிறது.

போருக்குப் பிறகு பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பண்ணைகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தது. மாகாணக் கல்வியின் கீழ் இருந்த முன்பள்ளி ஆசிரியைக்கு அந்தச் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் கிடைத்தது. குடும்பங்கள் பிழைத்தன, உண்மை. அதே நேரம் அந்தச் சம்பளத்துக்கு ஈடுகொடுக்க உள்ளூரில் எவராலும் முடியவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வேலை பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்க வேண்டியதில்லை. அதே சம்பளத்தைக் கல்வித் திணைக்களத்தின் ஊடாகக் கொடுத்திருக்கலாம்.

சரி, பயிற்சி? கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. உலகெங்கும் செய்த இருநூறுக்கு மேற்பட்ட மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பயிற்சியின் பலன் முதல் வருடத்தில் சிறிது, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் கூடுகிறது என்று தெரிந்தது. தற்காலிக அரச வேலைத்திட்டங்களின் பலன் பொதுவாக மிகக் குறைவு. சிறு தொழில்களுக்குச் சம்பள மானியம் கொடுத்து இலங்கையிலேயே செய்த பரிசோதனையும் உண்டு: மானியம் இருந்தவரை ஆள் எடுத்தார்கள், நின்றதும் பழைய நிலைதான்.

அப்புறம், சட்டப் புத்தகத்தில் ‘தொழில்’ என்ற தலைப்பிலேயே வராத விடயங்கள்: காலை ஐந்தரைக்கு ஒரு பஸ், பிள்ளையை விட ஒரு பராமரிப்பு நிலையம். ஒரு கிராமத்தில் வளர்ந்தவர் 100 பேர், 50 பேர் வேலையில், 2 பேர் தேடுகிறார்கள் என்று கொள்வோம். வேலையின்மை 52இல் 2, அதாவது 3.8 வீதம். பஸ் வந்தபின் இன்னும் 10 பெண்கள் தேடத் தொடங்கி, 6 பேருக்கு வேலை கிடைக்கிறது. இப்போது வேலையில் 56 பேர், தேடலில் 6 பேர். வீதம் 9.7. வேலைக்குப் போகிறவர்கள் ஆறு பேர் கூடியிருக்கிறார்கள், அறிக்கையிலோ வேலையின்மை இரண்டரை மடங்கு. அந்த அறிக்கையைப் பார்த்து பஸ்ஸை நிறுத்தும் அதிகாரி, அந்த ஆறு பேரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புகிறார்.