லொகேஷன் அனுப்பியாச்சு, இனி பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டணம் முதல் முட்டம் வரை போட்டுகளிலும் வள்ளங்களிலும் வயர்லெஸ், ஜிபிஎஸ், ஆழம் காட்டுகிற எக்கோ எல்லாம் பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஜூலை 31-ஓடு மேற்குக் கரைத் தடைக்காலம் முடிந்து கடல் திறக்கிற சமயத்தில் எங்களுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. இந்த வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நேரம் கிடைத்தது. ஏன் என்று விசாரித்தால் இளவட்டங்கள் எல்லாம் ஒரே பதில்தான். “போன்ல எல்லா ஆப்பும் இருக்குல்லா அண்ணே, வயர்லெஸ்ஸுக்கு எதுக்கு வீண் செலவு?”

வியாபாரம் படுத்த எரிச்சலில் எழுதுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுக்கப் படித்துவிட்டு நினையுங்கள்.

போன மாதம் குளச்சலுக்கு மேற்கே ஓர் ஊரிலிருந்து மூன்று பேர் ராத்திரி கணவாய்த் தூண்டிலுக்குப் போனார்கள். அதில் ஒருவர் வீட்டுக்காரிக்கு வாட்ஸாப்பில் லைவ் லொகேஷன் எட்டு மணி நேரத்துக்குப் போட்டுவிட்டுத்தான் போனார். பத்து மணிவாக்கில் அந்தப் புள்ளி ஓரிடத்தில் நின்றுவிட்டது. அந்தப் பெண் அதைப் பார்த்து, “ஒரே இடத்துல நின்னு பிடிக்கானுவ, நல்ல பாடு போல” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. வள்ளம் அங்கே நிற்கவில்லை. டவர் அங்கே முடிந்துபோனது, அவ்வளவுதான். கடைசியாகப் புள்ளி மாறிய நேரத்தை அதே ஆப் கீழே சின்ன எழுத்தில் காட்டிக்கொண்டுதான் இருந்தது. யார் பார்க்கிறார்கள் அதை?

எஞ்சின் நின்றதும் அந்தப் புள்ளிக்கு அப்பால்தான். காலையில் தேடப் போன வள்ளங்கள் அத்தனையும் புள்ளி நின்ற இடத்துக்கே போய்ச் சுற்றின. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தெற்கும் கிழக்குமாக இழுக்கிற காலம். மணிக்கு ஒரு கடல்மைல் இழுத்தாலும் இருபது மணி நேரத்தில் இருபது கடல்மைல், அதாவது 37 கிலோமீட்டர். மறுநாள் சாயங்காலம் முட்டத்து விசைப்படகு ஒன்று தற்செயலாகக் கண்டு, கயிறு போட்டு இழுத்து வந்தது. மூன்று பேரும் பிழைத்தார்கள். அந்த வள்ளத்துக்கு வயர்லெஸ் இல்லாமல் இல்லை. ஆண்டெனா வயர் அறுந்ததால் செட்டைக் கழற்றி வீட்டுப் பரணில் வைத்திருந்தார்கள்.

இப்படி நான் கேட்கிற முதல் கதை இதுவல்ல. ஒவ்வொரு முறையும் கரையில் நிற்கிறவர்கள் வாயிலிருந்து வருகிற வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை: “ஜிபிஎஸ் ஆன்லதானே இருந்துச்சு, சாட்டிலைட்ல பாத்துச் சொல்ல முடியாதா?”

முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் படித்த பிள்ளைகளும் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

ஜிபிஎஸ் சாட்டிலைட் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே போகிறது. கீழே உள்ள கருவி நாலு சாட்டிலைட்டாவது சொல்வதைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. கேட்பது மட்டும்தான் அதன் வேலை. திரும்ப ஒரு வார்த்தை மேலே போவதில்லை. முட்டம் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சத்தை வைத்து நீங்கள் உங்கள் இடத்தைத் தெரிந்துகொள்கிறீர்கள். அந்த வெளிச்சத்தை இப்போது யார் யார் பார்க்கிறார்கள் என்று விளக்குக்குத் தெரியுமா? தெரியாது. அதேபோல் உங்கள் போனில் நீலப் புள்ளி அசைகிறது என்றால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிகிறது. உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாது. அதை இன்னொருவருக்குச் சொல்ல டவர் வேண்டும், அல்லது வயர்லெஸ் வேண்டும், அல்லது சாட்டிலைட்டுக்குப் பேசுகிற தனிக் கருவி வேண்டும்.

லைவ் லொகேஷன் ஆப், குடும்பத்தார் இருக்கும் இடம் காட்டுகிற ஆப், தொலைந்த போனைத் தேடுகிற ஆப் எல்லாமே ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் கேட்டு, இன்டர்நெட்டில் ஊருக்குச் சொல்பவை. கடலில் முதல் பாதி வேலை செய்யும், இரண்டாம் பாதி செய்யாது. முதல் பாதி வேலை செய்வதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் முழுசாக நம்புகிறார்கள். ஒரேயடியாக வேலை செய்யாத ஆப்பாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கரையிலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைக்கும். டவர் உயரமாக இருந்து உங்கள் நேரம் நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம். 112 எந்த கம்பெனி டவரிலும் போகும் என்பது உண்மை, ஆனால் ஏதாவது ஒரு டவர் வேண்டுமே. சிக்னல் இல்லாத இடத்தில் போன் சும்மாவும் இருக்காது. முழு பலத்தோடு டவரைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்றுவிடும். உப்புத்தண்ணீரும் மீன் வழுவழுப்பும் பட்ட விரலுக்கு டச் ஸ்கிரீன் பதில் சொல்லாது, அல்லது தானாக எதையாவது அழுத்திக்கொண்டிருக்கும். அலையில் ஒரு கையால் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் லாக் எடுத்து, ஆப்பைத் திறந்து, ஆளைத் தேடிப் பாருங்கள். வயர்லெஸ் மைக்கில் ஒரே ஒரு கட்டை. பெருவிரலால் அமுக்கினால் போதும், கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம்.

கப்பல் காட்டுகிற ஆப் பற்றியும் ஒரு வார்த்தை. கப்பல்கள் தங்கள் இடத்தை ஏஐஎஸ் என்ற கருவி வழியாகச் சொல்லிக்கொண்டே போகும். கரையில் உள்ள ரிசீவர் அதைப் பிடித்து இன்டர்நெட்டில் போடுவதைத்தான் ஆப் காட்டுகிறது. நெட் இல்லாத இடத்தில் நீங்கள் பார்ப்பது பழைய படம். அதோடு, ஆப்பில் நீங்கள் கப்பலைப் பார்ப்பதால் கப்பல் உங்களைப் பார்த்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்து முனம்பத்திலிருந்து போன போட்டில் கப்பல் மோதியது. போட்டிலிருந்தவர்களில் பெரும்பாலானோர் நம் மாவட்டத்துக்காரர்கள். ராத்திரி தூங்கும்போது ஓர் ஆள் முழித்திருப்பதற்கு மாற்றாக எந்த ஆப்பும் இன்னும் வரவில்லை.

அப்படியானால் ஆப்பே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை, சொன்னால் பொய். கரையை விட்டுப் புறப்படும் முன் அது தேவை. வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் தருகிற அலை, காற்று, நீரோட்ட முன்னறிவிப்பு, மீன் கிடைக்கும் இடம் பற்றிய தகவல் எல்லாம் அவர்களுடைய சமுத்ரா ஆப்பிலேயே கிடைக்கின்றன. கள்ளக்கடல் விஷயத்தில் நான் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன். வாடைக்காற்றும் கச்சான் காற்றும் பார்த்துக் கடலைச் சொல்கிற பெரியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கள்ளக்கடலில் நம் கரையில் காற்றே இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும்பிய அலை சில நாள் பயணம் செய்து வந்து கரையில் ஏறும். அதை எந்தத் தாத்தாவும் மணலில் நின்று சொல்லிவிட முடியாது. அதற்கு இன்காய்ஸ் எச்சரிக்கைதான் கதி. ஆப் இல்லாதவர்களுக்கும் அது வரும். கோயில் மைக்கில் சொல்கிறார்கள், மீன்வளத்துறை சொல்கிறது. காது கொடுங்கள்.

புறப்பட்ட பிறகு கதை வேறு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் நம் கடலில் என்ன செய்தது என்று தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எச்சரிக்கை போட்ட நேரத்தில், கடலிலேயே பல நாள் தங்கிப் பிடிக்கிற தங்கல் தொழிலுக்கு முன்பே போயிருந்த போட்டுகள் அது எட்டாத தூரத்தில் கிடந்தன. அன்றைக்கும் எல்லார் கையிலும் போன் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த கருவிகளிலும் எது கேட்கும், எது பேசும் என்று தெரிந்து வைத்திருங்கள். ஜெமினி என்று 2019-ல் வந்த பெட்டி, ஆழ்கடலிலும் எச்சரிக்கையை சாட்டிலைட்டிலிருந்து வாங்கி ப்ளூடூத் வழியாகப் போனுக்குத் தரும். நல்ல கருவிதான், ஆனால் கேட்க மட்டும் செய்யும். டேட் என்கிற ஆபத்துக் கருவியில் பட்டனை அமுக்கினால் செய்தி சாட்டிலைட் வழியாகப் பெங்களூரில் உள்ள மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் போகும். 2024-ல் வந்த புது மாடலில், செய்தி கிடைத்தது என்ற பதிலும் போட்டுக்குத் திரும்ப வரும். அதே வருஷம் மத்திய அரசு ஒரு லட்சம் படகுகளுக்குத் தொடங்கிய டிரான்ஸ்பாண்டர் திட்டத்தில் இரண்டு பக்கமும் செய்தி போகும், வரும். அதற்கு நப்மித்ரா என்று ஓர் ஆப் உண்டு. “பாத்தீங்களா, ஆப்தானே!” என்று என்னிடமே ஒருவன் வாதாடினான். லேய் மக்கா, பேசுவது மேலே பூட்டிய பெட்டி. ஆப் அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல். பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஆப்பை மட்டும் கொண்டுபோனால் என்ன கிடைக்கும்?

கழற்றி வைக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. “களவு போயிரும் தம்பி” என்று டேட் கருவியை அலமாரியில் சேலைக்கு அடியில் பூட்டி வைத்திருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். லைஃப் ஜாக்கெட் தலையணையாக இருப்பதைப் பற்றி நான் எழுதி அலுத்துவிட்டேன்.

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த துராயா போனைக் காட்டி “இதுக்கு ஒரு சார்ஜர் பாருங்க” என்று என்னிடம் வராதீர்கள். அனுமதியில்லாமல் அதை இங்கே வைத்திருப்பதே குற்றம். சாட்டிலைட் போன் வேண்டுமானால் பிஎஸ்என்எல் வழியாக முறையாக வாங்குங்கள். தங்கல் போட்டுக்கு அது வீண் செலவு அல்ல.

இனி வயர்லெஸ். பேசுகிறவனும் கேட்கிறவனும் எவ்வளவு உயரத்தில் ஆண்டெனா வைத்திருக்கிறார்கள் என்பதுதான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. ஆறு மீட்டர் உயரத்தில் வைத்த இரண்டு போட்டுகள் பத்துப் பதினோரு கடல்மைலுக்குப் பேசலாம். வள்ளத்தில் கையில் பிடிக்கிற செட்டுக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஆனால் அந்தத் தூரத்துக்குள் இருக்கிற எல்லாப் போட்டும் ஒரே நேரத்தில் கேட்கும். முன்னே சொன்ன மூன்று பேரும் அன்றைக்கு மைக்கைப் பிடித்து ஒரு தரம் கூப்பிட்டிருந்தால், ராத்திரியே பக்கத்துப் போட்டு வந்திருக்கும். போனில் ஒருவரைத்தான் கூப்பிட முடியும், அவரும் கரையில் தூங்கிக்கொண்டிருப்பார்.

கூப்பிட வேண்டியது 16-ஆம் சேனலில். அது ஆபத்துக்கும் அழைப்புக்குமான சேனல். அதில் ராத்திரி முழுக்கப் பாட்டுப் போடுகிறவர்களும், கொச்சியில் கேரை மீன் என்ன விலை என்று கதையளக்கிறவர்களும் தயவுசெய்து வேறு சேனலுக்குப் போங்கள். உங்கள் இரைச்சல் தாங்காமல் பக்கத்துப் போட்டுக்காரர் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார். நாளைக்கு நீங்கள் கத்தும்போதும் அது குறைந்துதான் இருக்கும்.

போனைக் கொண்டுபோகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சிக்னல் போனதும் ஃப்ளைட் மோடில் போடுங்கள். பேட்டரி நிற்கும், இப்போதைய போன்களில் ஜிபிஎஸ் அதிலும் ஓடும். முழுசாக ஆஃப் செய்துவிட்டு ஆபத்தில் ஆன் செய்தால், நெட் இல்லாமல் இடத்தைப் பிடிக்கப் பல நிமிஷம் இழுக்கலாம். மேப்பைக் கரையிலேயே இறக்கி வையுங்கள். ஆனால் அதில் கடல் வெறும் நீலமாகத்தான் இருக்கும், கடலடிப் பாறையான பாரும் தெரியாது, ஆழமும் தெரியாது. தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் எங்கே மேடிட்டிருக்கிறது என்று அதைப் பார்த்து ஓட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: ஒரு தாளில் படகின் பதிவெண், நிறம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போனார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வரவேண்டிய நேரம் தாண்டினால் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 1554-க்குக் கூப்பிடுங்கள், அது கடலோரக் காவல்படை. கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093. தேடுகிறவர்களிடம் புள்ளி நின்ற இடத்தோடு, அது நின்ற நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நேரம் இருந்தால்தான் நீவாடு எவ்வளவு தூரம் இழுத்திருக்கும் என்று அவர்கள் கணக்குப் போட முடியும்.

ஐப்பசியும் கார்த்திகையும் வருவதற்குள் செட்டைச் சரி பார்த்துவிடுங்கள். என்னிடம் வருகிற செட்டுகளில் பாதிக்கு மேல் செட்டில் கோளாறே இருப்பதில்லை. ஆண்டெனா வயர் முனையில் கனெக்டர் பச்சை பிடித்திருக்கும், அல்லது பேட்டரி வயர் மெலிசாக இருக்கும். 25 வாட்டில் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். மெலிந்த வயரில் வோல்ட் இறங்கி செட் அணைந்துவிடும். கேட்கும், ஆனால் பேச வராது. ஆண்டெனா இல்லாமல் மைக்கை அமுக்கிப் பார்க்கிறவர்கள் நல்ல செட்டையும் எரித்துவிட்டு வருகிறார்கள். ஆகவே செட்டை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வரவேண்டாம். போட்டு எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்லுங்கள், நான் அங்கே வந்து வயரோடு பார்க்கிறேன்.