கதீட்டர்: எது வடிந்தது?

"பன்றியின் இதயத்தில் வடிகுழாய் மூலம் வால்வு பொருத்தினார்கள்."

மார்பைத் திறக்காமல் பொருத்தும் இதய வால்வுகளை முதலில் விலங்குகளில் சோதித்த கதையை எழுத உட்கார்ந்தபோது, முதல் வரியாக இதைத்தான் எழுதினேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "சரி, எது வடிஞ்சுது?" என்றார். யோசித்துப் பார்த்தால் எதுவுமே வடியவில்லை.

வடிகுழாய் என்பது தப்பான சொல் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலோரம் ஒரு பை தொங்கும், அதற்கு ஒரு மெல்லிய குழாய் வந்து சேரும். "யூரின் டியூப் போட்டிருக்கு" என்று வீட்டார் சொல்வார்கள். அந்த டியூப்புக்குத்தான் மருத்துவமனையில் கதீட்டர் என்று பெயர். இலங்கையில் கதீற்றர் என்று எழுதுவார்கள். அதன் வேலை சிறுநீரை வடிப்பது, அதனால் வடிகுழாய். ஊறுகாய், ஊதுகுழல் மாதிரி அழகான வினைத்தொகை. செய்கிற வேலை பெயரிலேயே இருக்கிறது. சங்கடமும் அதில்தான்: வேலை மாறினால் பெயர் பொருந்தாது.

மூலச் சொல்லுக்கு இந்தச் சங்கடம் இல்லை. கிரேக்கத்தில் 'கதா' என்றால் கீழே. 'ஹியேனை' என்றால் அனுப்பு, விடு. இரண்டும் சேர்ந்து 'கதியேனை', கீழே இறக்கிவிடுதல். அதிலிருந்து 'கதெதேர்', அதாவது உள்ளே இறக்கப்படுவது. (பள்ளியில் படித்த கேத்தோடு நினைவிருக்கிறதா? அதிலும் இதே 'கதா'தான், அது 'கீழ்வழி'.) கிரேக்க மருத்துவர்களும் இந்தக் கருவியைச் சிறுநீர்ப்பைக்குத்தான் பயன்படுத்தினார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரில் வளைந்த வெண்கலக் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் பெயர் வைத்தவர்கள் எது வெளியே வருகிறது என்று பார்க்கவில்லை, எது உள்ளே போகிறது என்று பார்த்தார்கள். அதனால்தான் அதே சொல் பிற்பாடு இதயத்துக்கும் எளிதாகப் போக முடிந்தது.

சொல் மட்டுமல்ல, கருவியே அங்கிருந்துதான் போனது. 1844-இல் பிரான்சில் உடலியல் ஆய்வாளர் கிளாட் பெர்னார் குதிரையின் கழுத்து ரத்தக்குழாய்கள் வழியே இதய அறைகளுக்குள் கருவியைச் செலுத்தி வெப்பநிலையை அளந்தார். 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், சிறுநீர்ப் பாதைக்கான கதீட்டர் ஒன்றை எடுத்துத் தன் கை நாளத்தில் நுழைத்தார். 65 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, குழாயோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், நுனி இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். விலங்கு முதலில், மனிதர் பிறகு என்பது வழக்கம். இவர் தன்னிலிருந்து தொடங்கி, அப்புறம்தான் நாய்களில் சோதனை செய்தார். 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, இதயத்தில் வடிகுழாய் என்று சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கவே செய்கிறது. ஃபோர்ஸ்மன் கையில் இருந்தது நிஜமாகவே வடிகுழாய்தான்.

வால்வு விஷயத்துக்கு வரும்போது அந்த நியாயமும் போய்விடுகிறது. 1965-இல் பிரிட்டனில் ஹைவெல் டேவிஸ் ஒரு கதீட்டரின் நுனியில் பாராசூட் போல விரியும் சின்ன வால்வைக் கட்டி நாய்களில் சோதித்தார். அது தற்காலிக ஏற்பாடு. குழாயை உருவினால் வால்வும் கூடவே வந்துவிடும்.

குழாயை எடுத்த பிறகும் வால்வு உள்ளேயே நிற்க வேண்டும் என்றால் என்ன செய்வது? டென்மார்க் மருத்துவர் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் 1989 பிப்ரவரியில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். ரத்தக்குழாய் அடைப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற கம்பிக்கூட்டைப் பற்றி, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹூலியோ பால்மாஸ் பேசினார். இதே கம்பிக்கூட்டைப் பெரிதாகச் செய்து உள்ளே ஒரு வால்வைத் தைத்துவிட்டால் என்ன என்று ஆண்டர்சனுக்குத் தோன்றியது. ஊர் திரும்பியதும் கடையில் கம்பி வாங்கினார், கசாப்புக்கடையில் பன்றி இதயங்கள் வாங்கினார். கம்பியைத் தானே வளைத்துக் கூடு செய்து, பன்றியின் வால்வை அதற்குள் வைத்துத் தைத்தார். அதைச் சுருங்கிய பலூன் மேல் குடை மடக்குவது போல மடக்கி, அதே ஆண்டு மே 1 அன்று மயக்கத்தில் இருந்த ஒரு பன்றியின் பெருந்தமனி வழியாக இதய வாசல்வரை கொண்டுபோனார். பலூனை ஊதினார், கூடு விரிந்து சுவரைப் பிடித்துக்கொண்டது. பலூனைச் சுருக்கிக் குழாயை உருவினார். வால்வு அங்கேயே நின்று வேலை செய்தது.

எல்லாம் முதல் தடவையே சரியாகிவிடவில்லை. சில பன்றிகளில் புது வால்வின் கூடு, இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் இதயத் தமனிகளின் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரத்த ஓட்டத்தைத் தடுத்தது. எந்த உயரத்தில் விடுவது என்பதே அந்தப் பன்றிகள் சொல்லித்தந்த பாடம்தான். குழாயும் பெரிசு: 41 பிரெஞ்ச். இந்த 'பிரெஞ்ச்' ஓர் அளவு. பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியர் என்பவர் வகுத்தது. ஒரு பிரெஞ்ச் என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் அது கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர் விட்டம், நம் சுண்டுவிரல் தடிமன். தொடையில் அதை நுழைக்க முடியாமல், வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியைத் திறந்துதான் நுழைத்தார்கள். ஆய்வு முடிவு அச்சில் வர 1992 ஆகிவிட்டது. 2000-இல் ஃபிலிப் போன்ஹோஃபர் மாட்டின் கழுத்து நாளத்திலிருந்து எடுத்த வால்வை ஆட்டுக்குட்டிகளில் பொருத்திப் பார்த்தார். அதே ஆண்டு 12 வயதுச் சிறுவனுக்கும் நுரையீரல் தமனிப் பக்கம் அப்படி ஒன்று பொருத்தினார். அலன் கிரிபியே செம்மறியாடுகளில் சோதித்துவிட்டு, 2002 ஏப்ரல் 16-இல் பிரான்சின் ருவான் நகரில் முதல்முறையாக மனிதரின் பெருந்தமனி வால்வை இப்படி மாற்றினார்.

ஏன் செம்மறி என்றால், வளரும் ஆட்டின் உடலில், விலங்குத் திசுவால் செய்த வால்வுகளில் சுண்ணாம்பு சீக்கிரம் படியும். மனிதரில் வருடக்கணக்கில் நடக்கும் கேட்டைச் சில மாதங்களில் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு வேடிக்கை: நோயாளியின் சொந்த வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதால்தான் புதுக்கூடு அதைப் பிடித்து நிற்கிறது. ஆட்டின் வால்வோ நல்ல வால்வு, மெத்தென்று இருக்கும், கூடு வழுக்கப் பார்க்கும். நோய் இல்லாத உடம்பில் நோய்க்கான கருவியைச் சோதிப்பதில் இருக்கிற இந்த இடைவெளியை எந்த ஆடும் நிரப்பாது.

வால்வு என்பதற்கு என்ன சொல்லலாம்? லத்தீனில் 'வால்வா' என்றால் மடக்குக் கதவின் ஒரு பலகை. நம்மிடம் கபாடம் இருக்கிறது, அதே பொருள்தான். ஓரதர் என்றும் ஒரு சொல் புழங்குகிறது. அதர் என்றால் வழி, "ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்" என்று குறளில் வருகிறதே, அந்த அதர். ஒருவழிப் பாதை என்ற பொருளில் கச்சிதமான ஆக்கம். ஆனால் பாடப்புத்தகத்தில் மூவிதழ் வால்வு என்று படித்து வளர்ந்தவர்களிடம் வால்வே நன்றாக நடக்கிறது. அதை மாற்றிக் குழப்ப எனக்கு மனமில்லை.

கதீட்டருக்கு மட்டும் மாற்று வேண்டும். "கதீட்டர் மூலம் டெலிவரி" என்று அப்படியே எழுதினால், நம் ஊரில் டெலிவரி என்றால் பிரசவம். வாசகர் வேறெங்கோ போய்விடுவார். செலுத்துகுழாய் என்றால் யாருக்கும் உடனே புரியும், பிழையும் இல்லை. என் மனசு விடுகுழாய் பக்கம்தான் சாய்கிறது. "டியூப் விட்டுப் பாத்தாங்க" என்று எண்டோஸ்கோப்பி பற்றிப் பேசுகிறோமே, அந்த 'விட்டு' கிரேக்க 'ஹியேனை'யின் நேர்ப்பொருள். அதோடு, வால்வை உள்ளே விட்டுவிட்டுக் குழாய் மட்டும் திரும்பி வருகிறதே, அந்தப் பொருளும் அதில் அடங்கிவிடுகிறது. டேவிஸின் குழாய்க்கும் ஆண்டர்சனின் குழாய்க்கும் இருக்கும் வித்தியாசமே அதுதான். முழுத் தொடருக்கு, அதாவது கதீட்டர் கொண்டு பொருத்தும் வால்வுக்கு, குழாய்வழி வால்வு என்றாலே போதும். சிறுநீர்ப்பைக்கு வடிகுழாய் வடிகுழாயாகவே இருக்கட்டும்.

வரியைத் திருத்தி மறுபடி மாமாவிடம் காட்டினேன்: "பன்றியின் இதயத்தில் குழாய்வழி பன்றி வால்வு பொருத்தினார்கள்."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பன்றி வால்வு பன்றிக்கேவா?"

"ஆமாம் மாமா. அது எழுத்துப்பிழை இல்லை."