வாக் ஓவர்: ஆடாமலே கிடைக்கும் வெற்றி

எதிரணி களத்துக்கு வராவிட்டாலோ, விலகிக்கொண்டாலோ வந்து நிற்கும் அணிக்குக் கிடைக்கும் வெற்றிதான் வாக் ஓவர். ஊர்க் கபடிப் போட்டி மைக்கிலும் இதைக் கேட்கலாம், அரசியல் செய்திகளிலும் படிக்கலாம். சட்டமன்றத்தில் நடக்கும் வாக் அவுட் வேறு, அது வெளிநடப்பு.

சொல் பிறந்த இடம் இங்கிலாந்தின் குதிரைப் பந்தயம். ஒரே ஒரு குதிரைதான் வந்திருக்கிறது என்றால் அது யாரோடு ஓடும்? ஆனாலும் பரிசைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். பந்தயத் தடத்தைக் கடந்தாக வேண்டும், நடந்தே கடந்தாலும் போதும். அந்த நடைதான் பெயராகி, பிறகு மற்ற விளையாட்டுகளுக்கும் பரவியது.

இந்தச் சொல்லுக்கு 1871-72இல் நடந்த இங்கிலாந்தின் முதல் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்துத் தொடரை விட நல்ல உதாரணம் கிடைக்காது. தோற்றால் வெளியே என்ற முறையில் நடந்த போட்டி அது. பெயர் கொடுத்தவை 15 அணிகள், அவற்றில் சில கடைசிவரை ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் சுற்றில் வாண்டரர்ஸ் அணியோடு மோத வேண்டிய ஹாரோ செக்கர்ஸ் விலகிக்கொண்டது. வாண்டரர்ஸ் அடுத்த சுற்றில் கிளாப்பம் ரோவர்ஸை 3-1 என வென்றது. காலிறுதியில் கிரிஸ்டல் பேலஸுடன் சமன். அன்றைய விதி இடம் கொடுத்ததால் இரண்டு அணிகளும் அரையிறுதிக்குப் போயின!

அரையிறுதியில் எதிரே நின்றது கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க். கோப்பை வாங்கும் நிதிக்கு ஒரு கினி (அன்றைய ஆங்கிலேயப் பணம்) கொடுத்த கிளப் அது. அந்தத் தொடரில் அதன் முதல் ஆட்டமே அரையிறுதிதான். லண்டன் கென்னிங்டன் ஓவலில் 0-0. மறுஆட்டத்துக்கு மறுபடி ஸ்காட்லாந்திலிருந்து வரக் கையில் காசில்லை, விலகிவிட்டார்கள். வாண்டரர்ஸுக்கு இன்னொரு வாக் ஓவர்.

ஆக, ஒரே ஒரு ஆட்டத்தில் வென்றே இறுதிக்கு வந்த அணி, 1872 மார்ச் 16 அன்று ராயல் எஞ்சினியர்ஸை 1-0 என வென்று கோப்பையைத் தூக்கியது. கோல் அடித்த மார்ட்டன் பெட்ஸ் 'ஏ. எச். செக்கர்' என்ற புனைபெயரில் ஆடினார். விலகிப்போன அந்த ஹாரோ செக்கர்ஸை நினைவூட்டும் பெயர்!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'எளிதான வெற்றி' என்று சிலர் எழுதுகிறார்கள். 5-0 என்று ஜெயிப்பதும் எளிதான வெற்றிதானே? 'போட்டியின்றி வெற்றி' பரவாயில்லை, ஆனால் வேறு யாருமே மனுத் தாக்கல் செய்யாத தேர்தலின் வாடை அதில் அடிக்கிறது. வாக் ஓவரில் எதிரணி உண்டு, ஆட்டம்தான் இல்லை. அதனால் 'ஆடா வெற்றி' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஓடாக் குதிரை, வாடா மலர் மாதிரியான அமைப்புதான், புதிதாக எதையும் கற்க வேண்டாம்.

'பை' (bye) என்ற ஆங்கிலச் சொல்லை இதோடு சேர்க்கக் கூடாது. அணிகளின் எண்ணிக்கை சரியாகப் பிரியாதபோது, எதிரணியே ஒதுக்காமல் ஒரு அணியை அடுத்த சுற்றுக்கு அனுப்புவது அது. அதில் தோற்றவர் யாரும் இல்லை என்பதால் வெற்றி என்ற சொல்லே வராது, 'நேரடித் தகுதி' என்றால் போதும். குயின்ஸ் பார்க் 1872-73இலும் ஒரு ஆட்டமும் ஆடாமல் அரையிறுதிவரை வந்தது. வந்து, ஆடாமலே விலகி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்கு ஆடா வெற்றியைக் கொடுத்துவிட்டது.