உயில், மரணசாசனம், அறக்கட்டளை: சொத்தை எழுதிவைக்கும் சொற்கள்

உயில் என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். 'உய்' என்ற பழைய வேர் அதற்குள் இருப்பதுபோலவே ஒலிக்கிறது. உய்தல், உய்வு, உயிர் என்ற வரிசையில் இதையும் உட்காரவைத்து, உயிர் போன பிறகும் உய்ந்திருக்கும் சொல் இது என்று மேடையில் விளக்கினால் கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆனால் மூலம் 'வில்' என்ற ஆங்கிலச் சொல்தான்.

அந்தச் சொல்லின் முதல் ஒலி நம் வகரம் இல்லை. வகரத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடும். ஆங்கில ஒலிக்கு உதடு குவியும். குவிந்த உதட்டைத் தமிழ்க் காது உகரமாகக் கேட்டது. முதலில் ஓர் உ, பிறகு இல், நடுவே ஒட்டுவதற்கு ஒரு ய். இலக்கணப்படி உகரத்துக்குப் பின் வகர உடம்படுமெய் வந்து 'உவில்' ஆகியிருக்க வேண்டும். பத்திரம் எழுதியவர்கள் உடம்படுமெய் விதியைப் பார்த்து எழுதவில்லை. நேராக 'வில்' என்றே எழுதியிருக்கலாமே என்றால், தமிழில் அதற்கு ஏற்கெனவே இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று அம்பெய்யும் கருவி, மற்றொன்று 'விற்றுவிடு' என்னும் ஏவல். பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுச்செல்லும் தாளின் தலைப்பில் 'வில்' என்று எழுதுவது அவ்வளவு நல்ல யோசனை இல்லை.

அண்டை மொழிகளும் இதே சொல்லைத் தத்தம் வழியில் வாங்கிக்கொண்டன. கன்னடத்தில் உயிலு. தெலுங்கர்கள் பாரசீக 'நாமா'வைச் சேர்த்து வீலுநாமா என்றார்கள். மலையாளத்தில் வில்பத்திரம், அரபிலிருந்து வந்த ஒஸ்யத்து என்ற சொல்லும் அங்கே உண்டு. 'பத்திரம்', 'நாமா' போன்ற ஒட்டு எதுவும் இல்லாமல் தனித்து நிற்கும் அளவுக்கு இச்சொல் தமிழிலும் கன்னடத்திலும்தான் ஊறியிருக்கிறது.

ஆங்கிலத்தில் அதன் நேர்ப்பொருள் விருப்பம். இன்னார்க்கு இன்னது சேர வேண்டும் என்று ஒருவர் தம் சொத்தைப் பற்றிச் சொல்லும் விருப்பம், அவர் இறந்த பிறகு நடப்புக்கு வருவது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் தரும் வரையறையின் சாரமும் இதுதான். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அந்தத் தாளுக்கு எந்த வலிமையும் கிடையாது. அவர் அதைக் கிழிக்கலாம், மாற்றலாம், அதே வீட்டை நாளைக்கே விற்கலாம். கடைசியாக எழுதியதே நிற்கும்.

உயிலுக்கு முன்பும் அதனோடு கூடவும் தமிழில் வழங்கிய சொல் மரணசாசனம். தமிழ் விவிலியத்தில், எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் இச்சொல் இருக்கிறது. எழுதியவன் உயிரோடிருக்கையில் மரணசாசனத்துக்குப் பலமில்லை, அவன் இறந்த பின்பே அது உறுதிப்படும் என்று அங்கே வரும் விளக்கத்தை எந்த வழக்கறிஞரும் அப்படியே எடுத்தாளலாம். தமிழ் முஸ்லிம்களின் மார்க்க நூல்களில் 'வஸிய்யத்' என்பதற்கும் மரணசாசனம் என்றே எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மரணசாதனம் என்ற வடிவம் உண்டு. காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, முடித்துத் தரும் நொத்தாரிசே (நோட்டரி) அதையும் முடித்துத் தருவார்.

பொருள் பொருந்தியும் தமிழ்நாட்டில் இச்சொல் ஏன் தேயவேண்டும்? 'மரணம்' என்று தொடங்கும் தாளை அப்பாவின் முன் நீட்ட எந்த மகனுக்கும் நாக்கு எழாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு இடிப்பது அதன் பின்பாதி. சாசனம் என்றால் கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டியது, சந்திர சூரியர் உள்ளவரை மாறாதது. உயிலின் இயல்போ இறுதி மூச்சுவரை மாறக்கூடியது. 'சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி எப்படி மாற்றுவது' என்று ஒரு பெரியவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தில் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

எழுத்தும் சாட்சியும் நமக்குப் புதியவை இல்லை. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தை நிறுத்தும் முதியவர் நீட்டுவது, 'நானும் என் மரபினரும் வழித்தொண்டு செய்வோம்' என்று சுந்தரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலையை. ஆட்சி (வழக்கம்), ஆவணம் (எழுத்து), அயலார் காட்சி (சாட்சி) ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கேட்கிறது. கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆனால் அந்த ஓலை எழுதிய அன்றே கட்டுப்படுத்தும் வகை. இறந்த பின் தன் விருப்பப்படி சொத்தைத் திருப்பிவிடும் ஏற்பாட்டுக்குக் கூட்டுக்குடும்பத்தில் இடமில்லாமல் இருந்தது. பிறப்பிலேயே மகனுக்குப் பங்கு என்றால், தகப்பன் விருப்பம் தெரிவிக்க என்ன மீதி இருக்கும்?

கம்பெனி ஆட்சியில், நீதிமன்றங்கள் வந்த நகரங்களில் இது மாறியது. துபாஷியாக, அதாவது வெள்ளையருக்கு மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமாக, இருந்து பெரும்பொருள் சேர்த்த பச்சையப்ப முதலியார் 1794 மார்ச்சில் உயில் எழுதினார். அதே மாதம் இறந்தார். கோயில் அறங்களுக்காக அவர் விட்ட பணம் நீண்ட வழக்குகளில் சிக்கி, நீதிமன்றத்தின் வழியே மீண்டு, 1842இல் சென்னையில் ஒரு பள்ளியாக முளைத்தது. எழுதிய கைக்கும் முளைத்த பள்ளிக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு. 1870இல் இந்து உயில்கள் சட்டம் வந்தது. பிறகு எல்லாம் 1925ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் அடங்கின.

தமிழாக்கத்தைப் பொறுத்தவரை விருப்ப ஆவணம், விருப்புறுதி, இறுதி விருப்பாவணம், இறுதிமுறி என்று பல முயற்சிகள் உள்ளன. முறி என்பது ஓலைத் துண்டில் எழுதிய பத்திரத்துக்குப் பழைய பெயர். அழகான சொல், ஆனால் இன்று முறிவைத்தான் நினைவூட்டுகிறது. இலங்கை அரசுத் தமிழில் இறுதி விருப்பாவணம் புழங்குகிறது. இவற்றில் எனக்கு ஏற்புடையது இறுதி விருப்ப ஆவணம்: விருப்பம் என்பதால் மாற்றலாம், இறுதி என்பதால் கடைசியாக எழுதியதே நிற்கும். கட்டுரையிலும் பாடநூலிலும் இதை எழுதுங்கள். பத்திரத்தின் தலைப்பில் உயில் என்றே இருக்கட்டும். பதிவாளர் முதல் தேநீர்க்கடைக்காரர் வரை யாருக்கும் விளக்கம் தேவைப்படாத சொல் அது.

உயில் எழுதாமல் இறந்தால் சொத்து நடுத்தெருவில் நிற்காது. சட்டம் தன் கணக்கில் பிரிக்கும். அந்தக் கணக்கு பல குடும்பங்களுக்கு அதிர்ச்சி தரும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. தந்தை அந்த முதல் வரிசையில் இல்லை. பெண்ணின் நிலை இன்னும் வினோதம். பிள்ளையில்லாத ஒரு விதவை, தம் சம்பளத்தில் வாங்கிய வீட்டை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், அது முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தந்தையர் அதற்குப் பின்தான். இந்தச் சட்டப்பிரிவு அநியாயம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதைத் தவிர்க்கும் வழி நம் கையில் இருக்கிறது: ஒரு தாளும் இரண்டு சாட்சிகளும்.

எதை எழுதலாம் என்பதிலும் சொற்கள் குழப்புகின்றன. பூர்வீகச் சொத்து, சுயார்ஜிதச் சொத்து என்று பத்திரங்கள் பேசும். 1707இல் டச்சுக்காரர்கள் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் இவற்றுக்குச் சுத்தமான தமிழ் இருக்கிறது: முதுசொம், தேடியதேட்டம். தேடிச் சேர்த்தது தேடியதேட்டம். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? தேடியதை முழுவதுமாக உயிலில் எழுதலாம். கூட்டுச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுதலாம். தம்பியின் பங்கையும் சேர்த்து எழுதிவிட்டுப் போனால் மிஞ்சுவது வழக்குதான். இஸ்லாமியச் சட்டத்தில் எல்லை வேறு. கடன்கள் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரணசாசனம் செல்லாது. வாரிசுக்கே எழுதுவதென்றால் மற்ற வாரிசுகளின் இசைவு வேண்டும் என்பது சன்னி மரபு.

'நான் நல்ல நினைவுடனும் சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதலின்றி மனப்பூர்வமாக எழுதிவைக்கும் உயில்' என்ற தொடக்கம் பத்திர எழுத்தர்களின் மனப்பாடம். கேட்கச் சடங்குபோல இருந்தாலும் பின்னால் வழக்கு வந்தால் சோதிக்கப்படுவது அதே வரிதான். படுக்கையில் கிடந்தவரின் கையெழுத்து, ஒரே பிள்ளைக்கு எல்லாம், அந்தப் பிள்ளையே முன்னின்று எழுதவைத்தது போன்ற ஐயங்கள் இருந்தால் அவற்றைப் போக்க வேண்டியது உயிலைக் காட்டுபவரின் பொறுப்பு என்று 1958இல் உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது இன்றும் நிற்கிறது. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுவதே நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். எழுதியவர் கையெழுத்திட்டதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்து' என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. இந்த நுணுக்கம் தெரியாததால்தான் பலர் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தே எழுதாமல் இருக்கிறார்கள். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருப்பது நலம். நாளை நீதிமன்றத்தில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள். பங்கு பெறுபவரைச் சாட்சியாகப் போடவேண்டாம்; கிறிஸ்தவர்களின் உயிலில் அப்படிப் போட்டால் அந்தக் கொடையே செல்லாது.

உயிலோடு போட்டுக் குழப்பும் சொற்களில் முதலிடம் 'செட்டில்மெண்ட்' பத்திரத்துக்கு. எழுதிப் பதிந்த அன்றே உரிமை கைமாறிவிடும். 'இப்போதே என் பெயருக்கு எழுதிவிடுங்கள், எல்லாம் ஒன்றுதானே' என்று பிள்ளைகள் சொல்லும்போது அது ஒன்றில்லை என்பதைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு கைவிட்டால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி அதை ரத்துசெய்ய வழியுண்டு. அதற்கும் அலைய வேண்டும். அடுத்தது நாமினி. வங்கிக் கணக்கில் பெயர் போட்டுவிட்டால் பணம் அவருக்கே என்று நினைக்கிறார்கள். பொதுவாக நாமினி வாங்கிக்கொடுக்கும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு. காப்பீட்டில் மட்டும் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களையே உரியவர்களாக்குகிறது.

இனி டிரஸ்ட், அதாவது ஒருவரின் நலனுக்காக இன்னொருவர் சொத்தை வைத்திருந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. உயிலைவிடப் பெரிய குழப்பம் இங்கேதான், குழப்பியது நம் மொழிபெயர்ப்பு. டிரஸ்ட் என்றால் அறக்கட்டளை என்று பழகிவிட்டோம். அறக்கட்டளை உயர்ந்த சொல். சோழர் கல்வெட்டுகளில், கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடுவார்கள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். தனி ஆடு சாகும், மூப்படையும். மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது. முதலைத் தொடாமல் வருவாயில் அறம் நடத்துவது என்ற முழுத் தத்துவமும் மூன்று சொற்களில் அடங்கிவிட்டது. இறுதியில் 'பன்மாகேசுவரர் இரட்சை', அதாவது சிவனடியார்கள் இதைக் காப்பார்கள், என்று காவலும் வைத்தார்கள்.

ஆனால் மனவளர்ச்சி குன்றிய மகளுக்காக ஒரு தந்தை எழுதும் டிரஸ்ட் அறம் இல்லை, குடும்ப ஏற்பாடு. தமிழில் நாம் 'இந்திய அறக்கட்டளைகள் சட்டம்' என்று எழுதும் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவே, சமய, அறக் கொடைகளை இச்சட்டம் தொடாது என்று விலக்குகிறது. பெயரில் அறம் வைத்த சட்டம் அறத்தை வெளியே நிறுத்துகிறது! இந்தப் பெயரால் நேரும் விளைவு என்னவென்றால், 'டிரஸ்ட் எல்லாம் பணக்காரர்களும் பள்ளி நடத்துபவர்களும் வைப்பது' என்று நடுத்தரக் குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன.

இலங்கைத் தமிழர் இதை நம்பிக்கைப் பொறுப்பு என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளான நம்பிக்கை இருக்கிறது. சட்டம் சுமத்தும் பொறுப்பும் இருக்கிறது. டிரஸ்டியை நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று சொன்ன உடனே, சொத்து அவர் பெயரில் இருந்தாலும் அவருக்கானதில்லை என்பது விளங்கிவிடும். கோயிலுக்கும் கல்விக்கும் அறக்கட்டளை, குடும்பத்துக்கு நம்பிக்கைப் பொறுப்பு என்று பிரித்து வழங்கினால் நமக்கும் சிக்கல் தீரும். இரண்டுக்கும் ஆயுளிலும் வேறுபாடு உண்டு. அறக்கட்டளை என்றென்றும் இருக்கலாம். குடும்பத்துக்கான ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாக முடிவின்றி நீட்டச் சட்டம் விடுவதில்லை.

இதை உயிலுக்குள்ளேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. 'என் காலத்துக்குப் பின் இந்த வீட்டையும் வைப்புநிதியையும் என் தங்கையும் நண்பரும் பொறுப்பாளர்களாக வைத்திருந்து, வாடகையிலும் வட்டியிலும் என் மகளின் உணவு, மருத்துவம், பராமரிப்பைக் கவனித்து, அவள் காலத்துக்குப் பின் மீதியை இன்னாரிடம் சேர்க்க வேண்டியது' என்று எழுதினால் உயிலும் நம்பிக்கைப் பொறுப்பும் ஒரே தாளில் வந்துவிடும். மகளின் பெயருக்கே நேராக எழுதிவைத்தால் அவளால் கையெழுத்திட்டு நிர்வகிக்க முடியாது. பணம் அவள் பெயரில் இருந்தும் அவளுக்கு எட்டாமல் கிடக்கும். ஆட்டிசம், பெருமூளை வாதம் முதலிய நிலைகளில் பதினெட்டு வயதுக்கு மேல் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு உண்டு. அங்கும் விண்ணப்பிக்க வேண்டும். காப்பாளர் பிள்ளைக்கு, பொறுப்பாளர் சொத்துக்கு. இரண்டும் ஒருவரே ஆகலாம். ஆனால் கணக்குக் கேட்க இன்னொருவர் இருப்பது நல்லது என்பதால், பொறுப்பாளர் இருவர் என்று எழுதச் சொல்வேன்.