மரே: சேறு, காய்கறி, கரையான்

பிரான்ஸோட மேற்குக் கரையில மரே புவாத்வான்னு ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கு. மரேன்னாலே சதுப்புதான். அங்க படகுக்காரங்க டூரிஸ்டுக்கு ஒரு வித்தை காட்டுவாங்க, துடுப்பால அடிச்சேத்தைக் கிண்டி விட்டா குபுகுபுன்னு குமிழி வரும், தீக்குச்சியைக் காட்டினா தண்ணி மேலேயே நெருப்பு பத்திக்கும். நம்ம ஆளுங்க பாத்தா கொள்ளிவாய்ப் பிசாசுன்னு ஓடியிருப்பாங்க.

அது மீத்தேன். ஆக்சிஜன் காத்துல பரவுறதை விட தண்ணிக்குள்ள சுமார் 10,000 மடங்கு மெதுவாத்தான் பரவும், அதனால சேத்துக்குள்ள இறங்குற கொஞ்சநஞ்சத்தையும் மேலாக்க இருக்கற பாக்டீரியாவே காலி பண்ணிடும், கீழ இருக்கறதுங்க ஆக்சிஜனுக்குப் பதிலா நைட்ரேட், இரும்பு, சல்ஃபேட்னு கிடைச்சதை வெச்சு ஓட்டும், அதுவும் தீந்தப்புறம் கடைசிப் பந்தியில உக்காருறது ஆர்க்கியாங்கற நுண்ணுயிர். ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேத்து மீத்தேனா விடும். இதெல்லாம் ரொம்ப ஸ்லோ. அதனால செத்த செடி முழுசா மக்காம வருஷக்கணக்கா அடுக்கடுக்கா சேரும்.

தண்ணியை வடிச்சிட்டா கதையே மாறும். காத்து உள்ள போகும், பாதி மக்கினது வேகமா மக்கும், பூட்டிக் கிடந்த நைட்ரஜன் வெளிய வரும், காய்கறி பிச்சிக்கிட்டு வளரும். பாரிஸ்ல இன்னிக்கு காஸ்ட்லியான மரே ஏரியாவும் இடைக்காலத்துல வடிச்ச சேத்து நிலம்தான், தோட்டமா இருந்துச்சு. காய்கறி விவசாயிக்கு பிரெஞ்சுல மரேஷேன்னே பேரு! என்ன, மக்காத செடி அடுக்கடுக்கா சேந்த கரி மண்ணை இப்படி வடிச்சா நிலம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், அதுல இருந்த கார்பன் காத்துல போயிடும்.

சேத்தோரம் குடியிருந்தவங்களுக்கு மரே, தெமரேன்னு குடும்பப் பேரும் ஒட்டிக்கிச்சு. 1685ல பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி புராட்டஸ்டன்ட்காரங்களோட வழிபாட்டு உரிமையைப் பிடுங்கினதும் பல குடும்பங்க நாட்டை விட்டு ஓடினாங்க, சிலர் தென்னாப்பிரிக்கா வரைக்கும். அந்த வம்சாவளிப் பேரோட 1871ல பிரிட்டோரியாவுல பிறந்தவர் யூஜீன் மரே. ஆஃப்ரிகான்ஸ் மொழியோட முன்னோடிக் கவிஞர், ஆனா எனக்கு அவரோட கரையான் ஆராய்ச்சிதான் பிடிக்கும். புற்று முழுசும் ஒரே உடம்பு, ராணி மூளை, மத்த கரையானுங்க ரத்த அணுன்னு எழுதினாரு. நோபல் வாங்கின பெல்ஜிய எழுத்தாளர் மேட்டர்லிங்க் இந்த ஐடியாவைத் திருடிட்டாருன்னு ஒரு சண்டையும் போட்டாரு.

இதுல செம்ம விஷயம், பல வகை கரையானோட வயித்துக்குள்ளயும் இதே சேத்துக் கெமிஸ்ட்ரிதான். குடல் நடுவுல ஆக்சிஜன் கிடையாது, மரத்தை உடைக்கற நுண்ணுயிர் ஹைட்ரஜன் விடும், அங்கயும் ஆர்க்கியா அதை மீத்தேனாக்கும். இயற்கையா வர்ற மீத்தேன்ல சதுப்பு நிலம்தான் நம்பர் ஒன், கரையானோட பங்கு ரொம்பக் கம்மி.