கிருஷ்ணமூர்த்தியின் கடைசி ‘தி’ எங்கே போனது?

கிருஷ்ணமூர்த்தி என்று எழுதினால் நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினியின் கணக்கு வேறு. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யுனிகோட் முறையில் ‘கி’ என்பது ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகும். ‘ர்’ என்பதில் புள்ளிக்குத் தனி இடம். இப்படி எண்ணிப் போனால் பெயர் முழுக்க 15 குறியீடுகள். இன்று பரவலாக உள்ள யுடிஎஃப்-8 சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும் (பைட் என்பது கணினியில் இடத்தை அளக்கும் சிறு அலகு). ஆக 45 பைட். ஆங்கில எழுத்துக்கோ ஒரே பைட்தான்.

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்துக்கு மென்பொருள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செய்தவர் பெயருக்கு 40 பைட் ஒதுக்கிவிட்டார். ஆங்கிலப் பெயர்களைப் போட்டுப் பார்த்தார், பிழையே இல்லை. அப்புறம் தேயிலைத் தோட்டத்துக் கிருஷ்ணமூர்த்தி வருகிறார். 39 பைட்டில் ‘கிருஷ்ணமூர்த்’ வரை ஏறிவிடும். மிச்சமிருக்கும் ஒரு பைட்டில் எந்தத் தமிழ்க் குறியும் அடங்காது, பெயரின் வாலில் ஓர் உடைந்த அடையாளம்தான் தொங்கும். நீளமான சிங்களப் பெயருக்கும் இதே கதிதான், அதற்கும் 3 பைட்.

முகவரியில் இன்னொரு சிக்கல். ‘வீட்டு இலக்கம், வீதி’ கட்டாயம் நிரப்பவும் என்று திரை கேட்கும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவருக்கு வீதி ஏது? தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம், காம்பரா, இவைதான் முகவரி. உத்தியோகத்தர் என்ன செய்வார்? வீதிக்கு ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்து ஒற்றைப் பெயரோடு வாழ்பவரிடம் ‘குடும்பப் பெயர்’ கேட்டாலும் இதே கூத்துதான்.

இத்தனைக்கும் டெண்டரில் ‘மும்மொழியிலும் இயங்க வேண்டும்’ என்று எழுதியிருப்பார்கள். நிறுவனமும் ‘ஆம்’ என்று புள்ளடி போட்டிருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. கோளாறு வாங்கும் முறையில்.

அரசுகள் பாலம் கட்டக் கேள்வி (டெண்டர்) கோருவதைப் போலவே மென்பொருளுக்கும் கோருகின்றன. எல்லாத் தேவையையும் முன்கூட்டியே எழுதி, மொத்த விலை பேசி, சில வருடம் கழித்துப் பொருளைக் கையேற்பது. மென்பொருளில் என்ன தேவை என்பது பாதி செய்து, ஒருவர் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரியவரும். அப்போது திருத்தச் சொன்னால், ‘இது ஒப்பந்தத்தில் இல்லை’ என்று தனி விலை வரும். தெரியாததற்கெல்லாம் சேர்த்து நிறுவனமும் முதலிலேயே விலையை ஏற்றி வைத்திருக்கும். அவ்வளவு பெரிய தொகைக்குப் பிணை கட்டக்கூடியவர்கள் நாலைந்து பேர்தான், சின்ன நிறுவனம் கிட்டவே போக முடியாது.

அமெரிக்காவின் மருத்துவக் காப்புறுதி இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது, முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். அந்த அடிக்குப் பிறகு மாநில அரசுகளும் யோசிக்கத் தொடங்கின. கலிபோர்னியா தன் சிறுவர் நலத் துறைக்கு ஒரே பெரிய டெண்டர் விடும் தறுவாயில் இருந்தது. 2015இல் அதை நிறுத்தி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனியாகக் கேள்வி கோர முடிவெடுத்தது.

துண்டாக்குவது என்றால் வேலையைப் பங்கு போடுவது மட்டுமல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற மென்பொருளைக் காட்ட வேண்டும், அறிக்கையை அல்ல. அதை உத்தியோகத்தரும் பொதுமக்களும் பாவித்துப் பார்க்க வேண்டும். உழைத்த நேரத்துக்குக் காசு, உச்சவரம்போடு. பிடிக்காவிட்டால் அடுத்த கட்டத்தில் விலகிக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. பறித்த கொழுந்தை மாதக் கடைசியிலா நிறுக்கிறோம்? அன்றன்றைக்கு, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நிறுக்கிறோமே, அதே நியாயம்தான். இப்படி வாங்கியிருந்தால் வெட்டுப்பட்ட பெயர் இரண்டாவது வாரமே கண்ணில் பட்டிருக்கும், திருத்த அரை நாள் போதும்.

மூல நிரல், அதாவது மென்பொருளின் அடிப்படை எழுத்து வடிவம், அரசின் சொத்தாக இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கட்டத்தை நீட்டுவதற்குக்கூட அதே நிறுவனத்திடம்தான் போய் நிற்க நேரும்.

இது மந்திரமும் இல்லை. கலிபோர்னியாவில் வேலை இழுபட்டு, செலவும் ஏறி, 2025இலும் பழைய முறைமையே ஓடிக்கொண்டிருந்தது. பிரித்த துண்டுகளைப் பொருத்த அரசின் பக்கம் தொழில் தெரிந்த ஆள் வேண்டும்.

நம் நாட்டில் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. பொருட்கள், வேலைகளோடு தகவல் முறைமைகளையும் அவை பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று முடிவு சொல்ல அதிகாரமுள்ள ஒருவர் பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். தமிழில் விண்ணப்பம் வாங்கிப் பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது. வேலை பாதியில் இருக்கும்போது அவருக்கு இடமாற்றக் கடிதம் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.